ப்ளோயர் அண்ணன் வார்த்த மணி

நாமக்கல் மாவட்டத்தில் ப்ளோயர் அண்ணனின் கண்ணில் பட்டு உருகாமல் தப்பித்த பித்தளைச் சாமான் ஒன்றுகூடக் கிடையாது. நான் மிகைப்படுத்திச் சொல்வதாக நினைப்பவர்கள் தயவுசெய்து எங்கள் பழைய தெருவுக்குப் போய், எந்த வீட்டுக் கதவிலாவது பித்தளைக் கைப்பிடி மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து பேசவும். எல்லாம் அவர் கேட்டு வாங்கிப் போனதுதான். "சும்மாதானுங்க இருக்குது, கொடுங்க" என்பார். கதவில் மாட்டியிருக்கும் கைப்பிடியைச் சும்மா இருப்பதாகக் கருதுவதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

அவருக்கு ஒரு நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருப்பதாகக் கேள்வி. தெருவில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. தன் உலைக்குக் காற்று ஊதுவதற்காக லாரிப் பட்டறை ஒன்றிலிருந்து பழைய ப்ளோயர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதைப் போட்டதும் கிளம்பும் இரைச்சலைப் பஸ் என்று நினைத்து, தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருவார்கள். பஸ் வராது. அண்ணன் ஏதோ உருக்குகிறார் என்று தெரிந்து திட்டிக்கொண்டே திரும்பிப் போவார்கள். அப்படித்தான் அந்தப் பெயர் நிலைத்தது.

நான் ஆத்தூர்ப் பக்கத்துக்காரன். நாமக்கல்லில் ஒரு முட்டைக் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்து, சேந்தமங்கலம் ரோட்டிலிருந்து பிரியும் அந்தத் தெருவில் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். வீடு பார்க்க வந்த அன்று அண்ணன் தேன் ஒழுகப் பேசினார்.

"காத்து வருமா அண்ணே?"

"காத்துக்கு என்னங்க சாமி பஞ்சம்? கீழ ப்ளோயரே வெச்சிருக்கறேன்."

"வெயில்?"

"குளுருகாலத்துல நெம்பச் சௌரியமா இருக்குமுங்க."

அதன் அர்த்தம் எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது. கார் நிறுத்தக் கட்டிய இடத்தில் அவர் உலை வைத்திருந்தார். அதற்கு நேர் மேலே என் படுக்கையறை. ஞாயிற்றுக்கிழமை மதியம் தரையில் பாய் விரித்துப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் புரண்டு படுக்கத் தோன்றும், தோசையைத் திருப்பிப் போடுவது போல. மற்ற வாடகைக்காரர்கள் வெந்நீருக்குக் கீஸர் கேட்டுச் சண்டை போடுவார்கள். எனக்கு அந்தக் குறை இருந்ததில்லை. குடத்தைத் தரையில் வைத்தாலே போதும்.

அண்ணன் இளவயதில் போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே பல மாநிலம் போய்த் தரையைத் துளைத்தவர். முட்டி வலி வந்ததும் ஊருக்குத் திரும்பி ஓய்வெடுக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கையில் மகள் ஒரு செல்போனை வாங்கிக் கொடுத்தாள். தெருவின் நிம்மதி போனது அன்றைக்குத்தான். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு ஆள் மெழுகில் பொம்மை செய்து உலோகச் சிலையாக மாற்றுகிற வீடியோவை அவர் பார்த்துவிட்டார். அந்த ஆள் பேசியது என்ன மொழி என்று அண்ணனுக்குத் தெரியாது. "கை பேசறது போதுமுங்க" என்று சொல்லி, ஆள் வாயால் சொன்ன எச்சரிக்கைகள் அத்தனையையும் விட்டுவிட்டு, கையால் செய்ததை மட்டும் கற்றுக்கொண்டார்.

வேலை கேட்பதற்கு எளிமையானது. மெழுகில் ஒரு உருவம் செய்ய வேண்டும். அதன் மேல் மண் பூசி மூடிக் காயவைக்க வேண்டும். நெருப்பில் காட்டினால் மெழுகு உருகி ஓட்டை வழியாக வெளியே ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்தால் உள்ளே சாமி இருப்பார். இது மற்றவர்கள் செய்தால். அண்ணன் செய்தால் உள்ளே யார் இருப்பார் என்பது, உடைக்கும் வரை அந்தச் சாமிக்கே தெரியாது.

அவர் முதலில் வார்த்தது பிள்ளையார். உலோகம் தும்பிக்கைக்குப் போய்ச் சேரவில்லை. காதும் ஒரு பக்கம்தான் நிரம்பியிருந்தது. அண்ணன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நந்தி" என்று அறிவித்தார். அடுத்து நிஜமாகவே நந்தி வார்த்தார். கொம்பு வரவில்லை. அது பைரவரின் நாயாகப் பதவி இறக்கப்பட்டது. நாயாகவே செய்த ஒன்று வால் இல்லாமல் வந்து, தெருமுனை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஆமை என்று அன்பளிப்பாகக் கொடுக்கப்பட்டது. அந்த வீட்டுக்காரர் நன்றாகப் படித்தவர். வீட்டில் ஆமை புகக் கூடாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துப் பார்த்தார். "அப்படீன்னா பேப்பர் பறக்காம இருக்கறதுக்கு வெச்சுக்குங்க சாமி" என்று அண்ணன் அதே பொருளை மறுபடியும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான் என்பார். "காத்து போறதுக்கு வழி பத்தலீங்க." அச்சுக்குள் உலோகம் போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறத் துளை வைக்க வேண்டுமாம். இந்த ஒரு தத்துவத்தை வைத்துக்கொண்டு அவர் உலகத்தையே எடை போட்டார். பக்கத்து வீட்டுப் பையன் பரீட்சையில் தவறினான். "உள்ள போகுதுங்க, காத்து வெளிய போக வழியில்ல." எங்கள் கம்பெனி முட்டை லாரி கவிழ்ந்தது. அதற்கும் காற்றுத்தான். எனக்குக் கல்யாணம் தள்ளிப் போவதற்கும் அதே காரணத்தைச் சொன்னார். அதை அவர் விளக்க ஆரம்பித்ததும் நான் மாடிக்கு ஓடிவிட்டேன்.

இன்னொரு பழக்கம், ஆளைப் பார்த்ததும் எடை சொல்வது. மெழுகின் எடையைப்போல எட்டு மடங்குக்கு மேல் பித்தளை வேண்டும் என்று கணக்கு. எனவே யாரோடு பேசினாலும் அவர் கண் முகத்தை அளந்துகொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்திருந்த என் அம்மாவிடம், "உங்க பையன் மூக்கு இருக்குது பாருங்க, அது ஒண்ணுக்கே நம்ம உலை பத்தாதுங்க" என்றார். அம்மா அதை ஜாதக விஷயம் என்று எடுத்துக்கொண்டு பரிகாரம் கேட்டாள்.

அவருடைய மனைவி பாவாயி அக்கா. நாக்கில் எப்போதும் ஒரு குண்டூசி வைத்திருப்பவர். கல்யாணச் சீராக வந்த பித்தளைப் பாத்திரங்களையெல்லாம் அவர் என் கட்டிலுக்கு அடியில் அகதிகளாகக் குடியேற்றியிருந்தார். அண்டா, குத்துவிளக்கு, செம்பு, சருவச் சட்டி எல்லாவற்றுக்கும் மேலே நான் படுத்திருந்தேன். அண்ணனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். "தண்ணித் தொட்டி ரொம்பீருச்சான்னு பாக்கலாமுன்னு வந்தனுங்க" என்று மாடிக்கு வந்து, தொட்டி இருக்கும் மேல்பக்கத்தை விட்டுவிட்டுக் கட்டிலின் கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பார். நான் காலைத் தொங்கப் போட்டு மறைப்பேன்.

மெழுகுக்குச் சேந்தமங்கலம் சந்தை. கொல்லிமலையிலிருந்து இறங்கும் தேனடையை வாங்கி வருவார். பிழிந்த அடையில் பாதித் தேன் அப்படியே இருக்கும். அதைக் காயவைக்க அவருக்குக் கிடைத்த இடம் என் அறை வாசல். முதலில் எறும்பு வந்தது. அப்புறம் தேனீயே வந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"சார், வெளியே வர முடியல. வாசல்ல தேனீ."

"போன வாரம் வயிறு சரியில்லைன்னீங்க. இந்த வாரம் தேனீயா? அடுத்த வாரம் என்ன, சிறுத்தையா?"

கீழேயிருந்து அண்ணன் தைரியம் சொன்னார். "பயப்படாதீங்க சாமி. அது அதும்பட பொருளத் தேடிக்கிட்டு வந்திருக்குது. பாத்துப்போட்டுப் போயிரும்."

பாவாயி அக்கா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். "அதுகளுக்காச்சும் பொருள் இருக்கற எடம் தெரிஞ்சுருக்குது. என்ற காமாட்சி வெளக்கு எங்க போச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல."

அண்ணன் ப்ளோயரைப் போட்டுவிட்டார். பதில் சொல்ல முடியாத கேள்விகள் வந்தால் அவர் எப்போதும் ப்ளோயரைப் போட்டுவிடுவார்.

இப்படியே போயிருந்தால் நான் அவரைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன், வீட்டை மட்டும் மாற்றியிருப்பேன். ஆனால் ஒருநாள் உலை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் விட்டு, அடைப்பை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "உள்ள காத்துப் போக வழி வெச்சீங்களா?" என்பதுதான். டாக்டர் பயந்துபோய் ஒரு ஸ்கேன் கூடுதலாக எடுத்தார்.

அக்கா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குலசாமிக்கு வேண்டிக்கொண்டார். சேந்தமங்கலத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் கருப்பணார்தான் அவர்கள் குலசாமி. ஆள் எழுந்து நடந்தால் திருவிழாவில் மணி கட்டுகிறேன் என்று வேண்டுதல். ஆள் எழுந்தார். நடந்தார். டாக்டர் ஓய்வு என்றதால் உலை மட்டும் குளிர்ந்து கிடந்தது.

நான் நிம்மதியாக இருந்தேன் என்று எழுதத்தான் ஆசை. கீழே அண்ணன் சும்மா இருக்கவில்லை. சப்பாத்தி மாவை எடுத்து யானை செய்து வைத்தார். அக்கா திட்டினால் அதைக் கலைத்து ஒட்டகம் செய்தார். பேச்சு குறைந்துவிட்டது. என் மூக்கைப் பார்த்துக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அக்கா என்னை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, யானை மாதிரி இருக்கற மாவ எப்படீங்க தேய்க்கறது? கட்டைய எடுத்தா என்ற மூஞ்சியவே பாக்கறாரு. ரெண்டு நாளா ஊட்டுல சோறுதான்."

அடுத்த வாரம் வேண்டுதலைப் பற்றி அண்ணன் காதில் போட்டார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை அந்த டாக்டர் பார்த்திருக்க வேண்டும்.

"கடையில மணி வாங்கறதா? என்ற உசுருக்கு வேண்டுன மணிய எவனோ வார்ப்பானா? நானே வாக்கறேன்."

"நீங்க மணி வார்த்தா அது ஆமையா வருமுங்க" என்றார் அக்கா.

"பாவாயி, இந்த ஒரு தடவை."

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிபந்தனை போட்டார். "செய்ங்க. கூட மாட ஆள் வெச்சுக்கிட்டுச் செய்ங்க. இதும் கெட்டுப்போச்சுன்னா உலை பழைய இரும்புக்காரருக்குப் போகோணும். ப்ளோயரும் போகோணும். அப்பறம் மெழுகு வாசமே இந்த ஊட்டுல வரக் கூடாது. சம்மதமுங்களா?"

அண்ணன் சம்மதித்தார். எனக்கு வாய் திறக்க உரிமை இல்லை, ஆனாலும் உள்ளுக்குள் பழைய இரும்புக்காரர் வண்டியின் சத்தம் கேட்கத் தொடங்கியது. அக்கா முன்னெச்சரிக்கையாகக் கடையில் ஒரு மணியும் வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டார்.

அண்ணனை நான் அப்படி ஒழுங்காக வேலை செய்து அதற்கு முன் பார்த்ததில்லை. மெழுகோடு குங்கிலியம் சேர்த்துப் பக்குவம் பார்த்தார். நடுவில் மண் கட்டி, அதன் மேல் மெழுகை மணி வடிவத்தில் படிய வைத்தார். விளிம்பில் கொடி, உச்சியில் வேல். அதன் மேல் சலித்த வண்டல் மண்ணை ஒரு பூச்சு பூசி, காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. காற்றுத் துளைகள் மட்டும் தாராளமாக வைத்தார். அச்சைப் பார்த்தால் முள்ளம்பன்றி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. மணி கணீரென்று ஒலிக்க வேண்டும் என்பதால் பித்தளையைத் தொடாமல், செம்பும் வெள்ளீயமும் அளந்து வாங்கிவந்து வெண்கலமாகக் கலந்தார்.

ஊற்றும் நாளன்று காலை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தெரு கூடியதுதான் தப்பு.

சாமிக்கு ஏதாவது வார்க்கிறார்கள் என்றால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. நம்ம வீட்டுப் பங்கும் கொஞ்சம் அதில் கலக்கட்டும், புண்ணியம் என்று ஆளாளுக்கு ஒன்றைக் கொண்டுவந்து உருகும் குழம்பில் போடுவார்கள். அன்றைக்கும் வந்தார்கள். ஒரு அம்மா மூக்குத்தியின் திருகாணி கொண்டுவந்தார். ஒருவர் செப்புக் காசு. கோழிப்பண்ணைக்காரர் பழைய தண்ணீர்க் குழாயின் பித்தளைத் துண்டு. எல்லாவற்றையும் பயபக்தியோடு மஞ்சள் தண்ணீரில் முக்கி எடுத்து, சொட்டச் சொட்ட நீட்டினார்கள்.

அண்ணன் அலறிவிட்டார். "ஈரத்தோட போடாதீங்க! உள்ள உழுந்தா வெடிச்சு மூஞ்சியில அடிக்குமுங்க! தொடைங்க, நல்லாத் தொடைங்க!"

ஒரு கையில் துண்டோடு உலை வாசலில் நின்று, விமான நிலையத்தில் செய்வதைப் போல ஒவ்வொருவர் கையாகச் சோதித்தார். ஈரம் இருக்கிறதா என்று பார்த்தார். துடைத்தார். உலைச் சூட்டில் காட்டச் சொன்னார். காய்ந்தது என்றால், "போடுங்க." அடுத்த ஆள். ஈரத்தைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை. பொருள் என்ன என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? தெருக்காரர்கள் அண்ணனை மெச்சிக்கொண்டே வரிசையில் நகர்ந்தார்கள்.

உலோகம் உருகிய மண் கிண்ணத்தை, மூசையை, இடுக்கியால் தூக்கி ஊற்றினார்கள். எல்லாத் துளையிலும் உலோகம் மேலே வந்து எட்டிப் பார்த்தது. "ரொம்பீருச்சு! சாமி, ரொம்பீருச்சு!" என்று அண்ணன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண்ணில் தண்ணீர். புகையாகவும் இருக்கலாம்.

மறுநாள் மண்ணை உடைத்தார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், உள்ளே மணிதான் இருந்தது. நந்தி இல்லை, ஆமை இல்லை. மணி. கொடியில் ஒரு இலைகூடக் குறையவில்லை. உச்சியில் வேல் முழுசாக நின்றது. தேய்த்துக் கழுவி, நாக்கு மாட்டி, கயிறு கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டார். நல்ல நேரம் பார்த்து அக்காவை அடிக்கச் சொன்னார்.

அக்கா கயிற்றை இழுத்தார்.

"தொக்."

இன்னொரு தடவை இழுத்தார். "தொக்." யாரோ பலகைக் கதவைத் தட்டுகிற சத்தம்தான் வந்தது. எதிர் வீட்டுக்காரர் அனிச்சையாக, "ஆருங்க?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணன் மணியைச் சுண்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். அரத்தால் ஓரத்தில் லேசாக ராவினார். அப்புறம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டார். "ஆருங்க ஈயம் போட்டது? காரீயம்?"

லாரிப் பட்டறைக்காரர் பெருமையோடு கையைத் தூக்கினார். "நானுங்கண்ணா! பேட்டரி டெர்மினலுங்க. பழசெல்லாம் இல்லீங்க, சாமிக்குன்னு புதுசாவே பிரிச்சுப் போட்டனுங்க. ஒண்ணு போட்டாக் கொறச்சலா இருக்குமுன்னு கை நெறைய போட்டேன்."

ஈயம் கலந்தால் வெண்கலத்தின் குரல் செத்துப்போகும் என்று அண்ணன் அவருக்கு விளக்கவில்லை. திட்டவும் இல்லை. "காஞ்சுதான் இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பழைய இரும்புக்காரர் வண்டியைப் பற்றி அப்புறம் நினைக்கவில்லை.

பங்காளிகள் விடுவார்களா? அடுத்த நாளே பெரியவர் ஒருவர் வந்துவிட்டார். "சத்தம் வராத மணியக் கருப்பணாருக்குக் கட்டுனா குத்தமாயிருமப்பா. ஊமை மணி ஆகாது."

"அச்சு நல்லாத்தானுங்க வந்திருக்குது" என்றார் அண்ணன். வாழ்நாளில் முதன்முறையாகச் சரியாக வந்ததை அவரால் விட முடியவில்லை.

பேச்சு வளர்ந்தது. கடைசியில் சாமியையே கேட்டுவிடுவது என்று முடிவானது. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் சாமி காலடியில் வைத்து, சம்பந்தமில்லாத ஒருவர் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

பாவாயி அக்கா எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "வெள்ள வந்தா இந்த மணி. செவப்பு வந்தா பீரோவுல இருக்கற கடை மணி. செவப்பு வந்துட்டா நான் சொன்னது சொன்னதுதானுங்க. திங்கக்கெழமை பழைய இரும்புக்காரர வரச் சொல்லீருவேன். உலை இந்த ஊட்டுல இருக்காது." அப்புறம் பூசாரிக்குச் சொல்லியனுப்பினார். "பூவெல்லாம் நானே மடிச்சாந்துர்றனுங்க. அவருக்கு அன்னைக்கு ஆயிரம் வேலை."

அண்ணன் தலையாட்டினார். அன்றைக்கு அவர் ப்ளோயரைக்கூடப் போடவில்லை.

திருவிழாவுக்கு ஒரு வேன் நிறையப் போனோம். கோயிலில் பொங்கல் பானைகளும் ஆடுகளும் பங்காளிகளும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வேட்டி கட்டி, ஊமை மணியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். அக்காவின் பையில் கடை மணி இருந்தது. நடக்கும்போதெல்லாம் அது கணீர் கணீர் என்றது. ஒவ்வொரு தடவையும் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா இலைப் பொட்டலம் இரண்டைக் கருப்பணார் காலடியில் வைத்தார். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, "ஆருங்க எடுக்கறது?" என்றார்.

"வாடகைக்கு இருக்கற தம்பி எடுக்கட்டுமுங்க" என்றார் அக்கா. "ஆத்தூர்க்காரரு. பங்காளியுமில்ல, மாமன் மச்சானுமில்ல. எந்தப் பக்கமும் சாய மாட்டாரு."

உலைக்கு மேலே வெந்துகொண்டிருப்பவன் எந்தப் பக்கம் சாய்வான் என்று பங்காளிகளுக்குத் தெரியும். அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். நான் முன்னால் போனேன். கருப்பணார் அரிவாளோடு என்னையே பார்த்தார். இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருந்தன. கண்ணை மூடி, இடது பக்கம் இருந்ததை எடுத்துப் பூசாரியிடம் கொடுத்தேன்.

பூசாரி வாழைநாரை அவிழ்த்தார். வெள்ளை அரளி.

குலவை கிளம்பியது. லாரிப் பட்டறைக்காரர் தன் டெர்மினலைச் சாமி ஏற்றுக்கொண்டதாகச் சொல்லிச் சாஷ்டாங்கமாக விழுந்தார். பெரியவர் துண்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கருப்பணாருக்கே சம்மதமுன்னா நாம ஆருங்க?" என்றார். அண்ணன் ஏணியில் ஏறி மணியைக் கட்டிக் கயிற்றை இழுத்தார். "தொக்" என்றது. அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது கணீரென்றுதான் கேட்டிருக்கும்.

என் கைராசியைப் பற்றி ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். நானும் பணிவோடு ஏற்றுக்கொண்டேன். கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது அக்கா அந்த இன்னொரு பொட்டலத்தை என் கையில் கொடுத்தார். "சாமி, இதையக் கொண்டுபோயி கால் படாத எடமாப் பாத்துப் போட்டுருங்க."

கோயிலுக்குப் பின்னால் பாழுங்கிணறு ஒன்று இருந்தது. போடுவதற்கு முன்னால், எந்தச் சிவப்பிலிருந்து தப்பித்தோம் என்று ஒரு தடவை பார்க்கத் தோன்றியது. நாரை அவிழ்த்தேன்.

வெள்ளை அரளி.

திரும்பினால் அக்கா நின்றுகொண்டிருந்தார். பொங்கல் கரண்டி கையிலேயே இருந்தது.

"என்னக்கா இது?"

"செவப்புப் பூ எங்கியும் ஆப்புடலீங்க சாமி" என்றார் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "சந்தையெல்லாம் தேடிப் பாத்துட்டேன்."

அவர் தலைக்கு மேலே செவ்வரளி மரம் ஒன்று, இலையே தெரியாத அளவுக்குப் பூத்துக் கிடந்தது. அக்கா அதை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "மாவுல யானை செஞ்சுகிட்டு உக்காந்திருக்கற மனுசன வெச்சு நான் என்னங்க பண்றது?" என்று சொல்லிவிட்டு, பந்தியில் குழம்பு பத்தவில்லை என்று கத்திக்கொண்டே போய்விட்டார்.

நான் பொட்டலத்தை மறுபடி கட்டிக் கிணற்றில் போட்டேன். அக்காவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அன்றைக்குப் பொட்டலத்தை எடுக்கக் கண்ணை மூடியபோது, வெள்ளைப் பூவாக இருக்கட்டும் கருப்பணாரே, என் தரை சுட்டால் சுட்டுவிட்டுப் போகிறது, அந்த மனிதரின் உலை மட்டும் அணையக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.